மதகும் நடைபாதையும்

சிங்கப்பூரின் சுங்கை பூலோவுக்கு எத்தனை மணிக்குப் போனால் பறவைகளைப் பார்க்கலாம் என்று கேட்டால், அங்கே நடந்து பழகியவர்கள் காலை என்றோ மாலை என்றோ சொல்வதில்லை. முதலில் ஓத அட்டவணையைப் பார்ப்பார்கள். “இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கடல் முழுசாக ஏறிவிடும். பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்” என்பார்கள். மறுநாள் கேட்டால் பதில் மாறும். கடல் ஏறும் நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகிறது. பறவைகளும் தங்கள் நாளை அதற்கேற்ப நகர்த்திக்கொள்கின்றன.

காட்டுக்குள் விலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது சூரியன். ஓதம் ஏறி வற்றும் சதுப்புநிலத்தில் சூரியனோடு சந்திரனையும் கேட்க வேண்டும். சிங்கப்பூர்க் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வேறுபாடு மூன்று மீட்டரைத் தொடும். மூன்று மீட்டர் என்பது ஒரு மாடி உயரம். சாய்வு மிகக் குறைந்த சேற்றுக் கரையில் அந்த உயரம் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமான நிலத்தை மூழ்கடித்து மறுபடி வெளியே விடுகிறது. அங்கே வாழும் ஒவ்வோர் உயிரும், இரையெடுப்பதா ஒதுங்குவதா என்பதை இந்த நீரைப் பார்த்தே முடிவு செய்கிறது.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில், கிராஞ்சிப் பகுதியில் இருக்கிறது. நீரிணைக்கு அக்கரையில் மலேசியாவின் ஜோகூர் பாரு நகரக் கட்டடங்கள் தெரியும். இக்கரையில் அலையாத்திக் காடு, குட்டைகள், சேற்றுவெளி, அவற்றினூடே மண்வரப்புகளின் மேல் செல்லும் நடைபாதைகள், ஆங்காங்கே மரத்தாலான மறைவிடங்கள், காட்டுக்குள் நுழையும் ஒரு மரப்பலகைப் பாதை. நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கக்கூடிய சமதளம். நீரின் உயரம், ஓதத்தின் நேரம், மனிதருக்கும் விலங்குக்கும் இடையே உள்ள தூரம் ஆகிய மூன்றையும் சரியாக வைத்துவிட்டால் காட்டுயிர்கள் தாமாகவே நம் கண்முன் வந்து நிற்கும் என்பதற்கு, நானறிந்த மிக நல்ல சான்று இந்த இடம்தான்.

இறால் குட்டையிலிருந்து பறவைக் குட்டைக்கு

இது மனிதர் கை படாத இடமாக இருந்ததில்லை. காப்பகமாவதற்கு முன்பு இங்கே இறால், மீன் பண்ணைகள் இருந்தன. அந்தக் காலத்து இறால் குட்டை ஓதத்தை நம்பியே ஓடியது. அலையாத்திக் கரையில் மண்வரப்பு போட்டு ஒரு குட்டையை வளைத்து, கடலோடு அதைச் சேர்க்க ஒரு மதகு வைப்பார்கள். கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் நீரோடு இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உள்ளே வரும். மூடிவிட்டால் குட்டையிலேயே வளரும். பிறகு கடல் வற்றும் நேரத்தில் மதகு வாயில் வலையைக் கட்டித் திறந்தால், வெளியே ஓடும் நீர் இறாலை வலையில் சேர்த்துவிடும்.

நீர் வடிந்த குட்டையின் தரையில் புழுவும் நண்டும் சிறு சிப்பிகளும் நிறைந்த சேறு தெரியும். கரைப்பறவைகளை இழுத்தது அந்தச் சேறுதான். 1986-இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இங்கே கூடும் வலசைப் பறவைகளைக் கண்டு, இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று அரசிடம் எழுத்துப்பூர்வமாக வாதிட்டார்கள். 1989-இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6 அன்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்து வைத்தார். 2002-இல் 130 ஹெக்டேராக விரிந்து, சட்டப் பாதுகாப்புப் பெற்ற காப்பகமானது. 2003-இல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற தகுதியும் வந்தது. ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்துக்கும் வீடும் தொழிற்சாலையும் சாலையும் போட்டியிடும் ஒரு தீவு நாட்டில், சேற்றுக்காக இவ்வளவு நிலத்தை விட்டு வைத்தது சாதாரண முடிவாகாது. பெரிய ஆள்பலம் இல்லாத ஒரு சிறு குழுவின் கவனமான கணக்கெடுப்பும் தெளிவான மனுவும் இதைச் சாதித்தன என்பதை இயற்கை ஆர்வலர்கள் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பகமானதும் மதகுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இயற்கையிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குட்டைகளில் வண்டல் படியும். படிந்த இடத்தில் அலையாத்திக் கன்றுகள் முளைத்து, சில ஆண்டுகளில் காடாகிவிடும். அலையாத்திக் காடு நல்லதுதான். ஆனால் கரைப்பறவைகளுக்கு வெட்டவெளி வேண்டும். பருந்தோ வல்லூறோ தூரத்தில் வரும்போதே கண்ணில் பட வேண்டும். அதனால் சில குட்டைகளை வெளியாகவே வைத்திருக்கிறார்கள். மதகுகள் இன்றும் வேலை செய்கின்றன. இறாலுக்காக இயங்கியவை இப்போது பறவைக்காக இயங்குகின்றன.

அந்த வேலையின் நுட்பத்தைப் பாருங்கள். கடல் வற்றியிருக்கும்போது பறவைகள் கிழக்கே இருக்கும் மண்டாய் சேற்றுவெளி போன்ற திறந்த கரைகளில் இரை தேடுகின்றன. கடல் ஏற ஏற அந்தச் சேறு மூழ்குகிறது. நிற்க இடமில்லாத பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் சுங்கை பூலோவின் குட்டைக்குள் நீர் குறைவாகவும் தரை வெளியே தெரிவதாகவும் இருந்தால் அவை இங்கே வந்து இறங்கும். வெளியே கடல் நிரம்பியிருக்கும்போது உள்ளே சேறு தெரிய வேண்டும். இயற்கையாக நடக்காத இந்த ஏற்பாட்டை மதகு நடத்திக் கொடுக்கிறது. சேற்றில் வாழும் மீனையும் நண்டையும் பார்க்க வேண்டுமானால் கடல் வற்றும்போது போக வேண்டும். கரைப்பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் கடல் ஏறும்போது போக வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே.

கால் அளவும் அலகு அளவும்

செப்டம்பர் முதல் மார்ச் வரை ஒரு நாளில், கடல் முழுதும் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, பெரிய குட்டையை நோக்கிய மறைவிடத்தில் உட்கார்ந்தால் முதலில் சேறும் நீரும் மட்டும்தான் தெரியும். பிறகு சிறு சிறு கூட்டங்களாக அவை இறங்கத் தொடங்கும். எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பாகத் தெரிகிறதே, எதை எப்படி அடையாளம் காண்பது என்று புதியவர்கள் திகைப்பார்கள். நிறத்தை விட்டுவிட்டு, எந்தப் பறவை எவ்வளவு நீரில் நிற்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஈரச் சேற்றில், நீரே இல்லாத இடத்தில் ஓடுவதும் நிற்பதுமாக இருப்பவை உப்புக்கொத்திகள். பெரிய கண், குட்டை அலகு. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். புழுவோ நண்டோ சேற்றின் மேற்பரப்பில் அசைவதைக் கண்ணால் கண்டுபிடித்து உண்பவை அவை. ஓடிக்கொண்டே பார்த்தால் அசைவு பிடிபடாது. அதனால்தான் அந்த நிறுத்தம். சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பசிபிக் பொன் உப்புக்கொத்தியும், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய மங்கோலிய உப்புக்கொத்தியும் இந்தக் கூட்டத்தில் இருக்கும்.

இரண்டு விரற்கடை நீரில் நடப்பது சிவந்த காலுடைய பவளக்காலி. அதைவிடச் சற்று ஆழத்தில், மெல்ல மேல்நோக்கி வளைந்த அலகோடு நிற்பது பச்சைக்காலி. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு நண்டு வளைகளைத் துழாவுவது சிறு கோட்டான். இன்னும் ஆழத்தில் சிறுவெண் கொக்கும் சாம்பல் நாரையும். ஒரே குட்டையில் இத்தனை இனங்கள் சண்டையில்லாமல் உண்ண முடிவது, காலின் நீளமும் அலகின் நீளமும் அவற்றுக்கு வெவ்வேறு ஆழங்களைப் பங்கிட்டுக் கொடுத்திருப்பதால்தான். இதனால் நீர்மட்டத்தில் ஒரு சாண் மாற்றம் வந்தாலும் யார் உண்பது, யார் பசியோடு கிளம்புவது என்பது மாறிவிடும். மதகைக் கையாளுகிறவர் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு அது.

நீண்ட அலகுடைய உள்ளான் இனங்கள் பலவற்றுக்கு அலகின் நுனியே புலனுறுப்பு. நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நெருக்கமாக அமைந்திருக்க, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் பொதிந்திருக்கின்றன. 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர் தெயுனிஸ் பியர்ஸ்மாவும் உடன் பணியாற்றியவர்களும் ‘ரெட் நாட்’ என்னும் கரைப்பறவையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஈர மணலுக்குள் கடினமான பொருள்களைப் புதைத்து வைத்தால், அலகு அவற்றைத் தொடாமலே பறவை கண்டுபிடித்தது. காய்ந்த மணலில் முடியவில்லை. அலகைத் திரும்பத் திரும்பச் செருகும்போது மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீரில் அழுத்தம் உண்டாகிறது. அருகே சிப்பி போன்ற கெட்டியான பொருள் இருந்தால் அந்த அழுத்தத்தின் பரவல் குலைகிறது. அந்தக் குலைவை அலகு உணர்கிறது என்பது அவர்களின் விளக்கம். சேறு ஈரமாக இருந்தால்தான் இந்தப் புலன் வேலை செய்யும். குட்டை காய்ந்துவிட்டால் உணவு அங்கேயே இருந்தும் பறவைக்கு அது இல்லாததற்குச் சமம்.

பலகைப் பாதையில், கடல் வற்றும்போது

இனி எதிர்ப்பக்கம். கடல் வற்றத் தொடங்கியபின் அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் பலகைப் பாதைக்கு வாருங்கள். கால்கள் மேல் எழுப்பிய மரப்பாதை இது. மனிதர் கால் நனையக் கூடாது என்பது இதன் காரணங்களில் சிறியது. சேற்றில் நாம் நடந்தால் சேறு இறுகுகிறது. இறுகிய சேற்றில் வளைகள் மூடிப்போகும், இளம் வேர்கள் ஒடியும், காற்றுப் போகும் வழிகள் அடைபடும்.

காற்று இந்தக் காட்டின் பெரிய பிரச்சினை. மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே சேற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுக்கு என்பார்கள். சேறு சரியாக வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் வாசனை அது. அந்தச் சேற்றில் புதைந்திருக்கும் வேருக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

பாதையின் கைப்பிடி அருகே குனிந்து பாருங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில் பருமனில், விரல் நீளத்தில், நூற்றுக்கணக்கான குச்சிகள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சுவேர்கள். இன்னும் உற்றுப் பார்த்தால் தோலில் வெளிர்நிறப் புள்ளிகள் தெரியும். காற்று நுழையும் துளைகள் அவை. வேரின் உட்புறம் பஞ்சு போல வெற்றிடங்கள் நிறைந்தது. சுரபுன்னையில் இதே துளைகள் வில்லாக வளைந்து இறங்கும் தாங்குவேர்களில் இருக்கின்றன. 1955-இல் பெர் ஷொலாண்டரும் உடனாய்வாளர்களும், அந்தத் துளைகளில் மசகுப் பசையைப் பூசி அடைத்துவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் வேரின் ஆக்சிஜனை அளந்தார்கள். அது சரிந்தது. கடல் ஏறி மூச்சுவேர் மூழ்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் கண்டார்கள். துளைகள் அளவில் மிகச் சிறியவை. நீர் உள்ளே புகாது. மூழ்கியிருக்கும் நேரத்தில் வேர் தன்னிடமிருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. கடல் வற்றி வேர் வெளியே தெரிந்ததும் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, ஓதத்தின் ஒவ்வொரு சுற்றும் இந்த மரத்துக்கு ஒரு நீண்ட மூச்சு. பலகைப் பாதையிலிருந்து ஒருவர் இறங்கி நடந்தால் ஒடிவது இந்த மூச்சுக்குழல்கள்தான்.

அதே சேற்றில் கண் மேலே துருத்திக்கொண்டு ஒரு மீன் உட்கார்ந்திருக்கும். மட்ஸ்கிப்பர் எனப்படும் சேற்றுமீன். முன் துடுப்புகளை ஊன்றி நகரும், வாலை உதைத்துத் தாவும். செவுள் அறையில் நீரை வைத்துக்கொண்டும், ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்தோல் வழியாகவும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்று அதன் கண்ணை மட்டும் பாருங்கள். கண்கள் திடீரென்று குழிக்குள் இறங்கி மறைந்து, உடனே மேலே வரும். அது கண் சிமிட்டுகிறது. பெரும்பாலான மீன்களுக்குச் சிமிட்டும் பழக்கம் இல்லை. தண்ணீருக்குள் அதற்குத் தேவையும் இல்லை. கண்ணை ஈரமாக வைக்க, தூசி துடைக்க, அடிபடாமல் காக்க என நாம் எதற்கெல்லாம் சிமிட்டுகிறோமோ அதற்கெல்லாம் இதுவும் சிமிட்டுகிறது என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நீரைவிட்டு நிலத்துக்கு ஏறிய முதல் முதுகெலும்பு உயிர்கள் எதிர்கொண்ட சிக்கலை, அவற்றோடு நேரடித் தொடர்பில்லாத இந்த மீன் தனி வழியில் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

இவற்றில் பெரிய இனம் 25 சென்டிமீட்டரைத் தாண்டும். தன் வளையைச் சுற்றி மண்சுவர் எழுப்பி ஒரு சிறு குளம் கட்டிக்கொள்ளும். வளைக்குள் இருக்கும் நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே எப்படி வாழ்கிறது? 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர் அட்சுஷி இஷிமாட்சுவும் உடனாய்வாளர்களும் இதற்கு விடை கண்டார்கள். வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு போய் வளைக்குள் விட்டு, அங்கே ஒரு காற்றறையை இந்த மீன் சேமித்து வைக்கிறது.

பாதையோரம் எரிமலை வடிவில் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மண்மேடுகளைக் கட்டியது சேற்றுச் சிங்கி. அதை நேரில் காண்பது அரிது. ஆழத்திலேயே வாழ்ந்து, அடிமண்ணை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அடியில் புதைந்திருக்கும் சத்துகள் மேலே வருகின்றன. அந்த மேட்டில் எறும்பும் பாம்பும் நண்டும் குடியேறுகின்றன. ஓதம் ஏறும் நேரம் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் நண்டுகளையும் பார்க்கலாம். நீரோடு வேட்டை மீன்களும் உள்ளே வருகின்றன. அவற்றிடமிருந்து தப்பிக்கவே இந்த ஏற்றம்.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழகிய ஒரு மரமும் சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் உண்டு. சிதம்பரத்துக்குப் பழைய பெயரைக் கொடுத்த, பிச்சாவரத்தில் இன்றும் வளர்ந்து நிற்கும் தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். இலையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு அருகில் போகலாம்?

நம்மைக் கண்டதும் ஒரு பறவை பறந்துவிட்டால், அது பயந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பறவையின் பக்கம் நின்று பார்த்தால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பறந்தால் இரையெடுக்கும் நேரம் போகும், சேர்த்த கொழுப்பு கரையும், நல்ல இடம் கைவிட்டுப் போகும். பறக்காவிட்டால் உயிர் போகலாம். ஆபத்தின் விலை, பறப்பதன் விலையை எந்தத் தூரத்தில் தாண்டுகிறதோ அந்தத் தூரத்தில் பறவை எழும்புகிறது. 1986-இல் ரான் யிடன்பெர்க், லாரன்ஸ் டில் என்ற இருவர் இந்தக் கருத்தை முறையாக எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான பறவை இனங்களில் இந்த எழும்பும் தூரத்தை அளந்திருக்கின்றன. பொதுவாக உடல் பெரிதான பறவைகள் அதிகத் தூரத்திலேயே எழும்புகின்றன. மனிதர் அடிக்கடி வந்துபோகும், ஆனால் துன்புறுத்தாத இடங்களில் இந்தத் தூரம் குறைகிறது.

நடைபாதை அமைப்பவருக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. மனிதர் எங்கே வருவார், எங்கே வரமாட்டார் என்பது விலங்குக்குத் தெரிந்துவிட்டால் அதன் கணக்கில் ஆபத்தின் விலை இறங்குகிறது. பாதை எப்போதும் ஒரே கோட்டில் செல்கிறது, அதில் வருகிறவர்கள் அதைவிட்டு இறங்குவதில்லை என்று பல மாதங்கள் பார்த்த நாரை, பாதையிலிருந்து பத்துப் பதினைந்து அடியிலும் அமைதியாக மீன் பிடிக்கும். ஒரே ஒருவர் வரப்பைவிட்டு இறங்கிச் சேற்றில் நாலு எட்டு வைத்தால் அந்த நம்பிக்கை உடைகிறது. பாதையைவிட்டு இறங்காதீர்கள் என்ற பலகையை ஒழுங்குக்கான கட்டளையாக மட்டும் படிக்கிறோம். நாம் அருகிருந்து பார்க்க முடிவதற்கே அதுதான் காரணம்.

இந்தப் பூங்காவை வடிவமைக்கும்போது பிரிட்டனின் காட்டுவாத்து, சதுப்புநில அறக்கட்டளையின் வல்லுநர்கள் ஆலோசனை தந்தார்கள். அந்த அமைப்பை 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் தொடங்கியவர் பீட்டர் ஸ்காட். போர்க்காலத்தில் கட்டப்பட்ட ஒரு காவலறைக்குள் இருந்து காட்டுவாத்துக் கூட்டங்களைப் பார்த்தபோதுதான், பொதுமக்களும் இப்படிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. சுங்கை பூலோவின் மறைவிடங்கள் அந்த வழியில் வந்தவை. முன்பக்கம் பலகைத் தடுப்பு, கண்ணளவில் நீண்ட இடைவெளி, உள்ளே இருட்டு. வெளியே பளிச்சென்ற வெயிலில் நிற்கும் பறவைக்கு உள்ளே அசைவது தெரியாது. கையை வெளியே நீட்டிச் சுட்டிக்காட்டிவிட்டால் அந்த ஏற்பாடு முழுதும் வீண்.

பறவை எழும்புவதற்கு முன்பே அது தரும் சைகைகள் உண்டு. உண்பதை நிறுத்தும், தலையை உயர்த்தும், உடலை ஒடுக்கி நிமிர்ந்து நிற்கும், இரண்டு அடி விலகி நடக்கும். தலை உயர்ந்ததைக் கண்டவுடன் நாம் நின்றுவிட வேண்டும். படம் எடுப்பவர்கள் இன்னும் ஓர் எட்டு வைத்தால் நல்ல படம் கிடைக்கும் என்று நினைக்கும் கணம் அது. வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவை, கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் தன் உடல் எடையில் பெரும்பகுதியைக் கொழுப்பாகச் சேர்க்கிறது. ஓதம் தரும் சில மணி நேரங்களில்தான் அதைச் சேர்க்க முடியும். நாம் பறக்கவிட்ட ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது.

முதலை விஷயத்தில் தூரம் நமக்காகவும்தான். பிரதானப் பாலத்தின் கீழ், கடல் வற்றிய நேரத்தில் சேற்றுக்கரையில் மரக்கட்டை போலக் கிடப்பது உவர்நீர் முதலையாக இருக்கலாம். வாயைப் பிளந்து வைத்துக் கிடந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம். உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நீரிணையின் உப்புநீரில் அது தங்க முடிவதற்குக் காரணம் நாக்கில் இருக்கும் உப்புச் சுரப்பிகள். 1981-இல்தான் அவை கண்டறியப்பட்டன. பாலத்தின் கைப்பிடிக்குப் பின்னால் நின்று எவ்வளவு நேரமும் பார்க்கலாம். கரையோர மண்ணில் இறங்கவே கூடாது. பாதையைக் குறுக்கே கடக்கும் நீர் உடும்பு இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வழிவிட்டு நின்றால் தன் போக்கில் போய்விடும்.

நீர்நாய்களின் வருகை இந்த இடத்தின் மிக மகிழ்ச்சியான செய்தி. சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோயிருந்த மென்மயிர் நீர்நாய், 1998-இல் ஒரு ஜோடியாகச் சுங்கை பூலோவில் மறுபடி தென்பட்டது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீரும் மீனும் ஒதுங்க இடமும் இருந்ததால் தாமாக வந்தன. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த ஆற்றுச் சுத்திகரிப்பால் நகருக்குள் ஆறுகள் தெளிந்திருந்தன. இன்று நகரத்தின் நடுவே மரினா பேயிலும் பீஷானிலும் நீர்நாய்க் குடும்பங்கள் மீன் பிடிப்பதை அலுவலகம் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். காவிரியில் வாழ்வதும் இதே இனம்தான்.

வேலிக்கு அப்பால்

காப்பகத்துக்குள் இத்தனையும் சரியாக நடந்தாலும் இந்தப் பறவைகளைக் காக்க அது போதாது. கடல் ஏறும்போது தங்க சுங்கை பூலோ வேண்டும். வற்றும்போது உண்ண மண்டாய் சேற்றுவெளி வேண்டும். ஒன்றைக் காத்து மற்றொன்றில் கட்டடம் எழுப்பினால் இரண்டையும் இழப்போம். இதை உணர்ந்து 2018-இல் மண்டாய் அலையாத்திக் காட்டையும் சேற்றுவெளியையும் இயற்கைப் பூங்காவாகக் காக்கும் முடிவைச் சிங்கப்பூர் அறிவித்தது. பறவையின் ஒரு நாளைப் பின்தொடர்ந்து எல்லை வகுத்த முடிவு அது.

பறவையின் ஓராண்டைப் பின்தொடர்ந்தால் எல்லை இன்னும் விரிகிறது. சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் சுங்கை பூலோவில் கருவி பொருத்தி அனுப்பிய பவளக்காலிகள் திபெத்திய பீடபூமிவரை போனது தெரியவந்திருக்கிறது. வேறு பல இனங்கள் கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில் இறங்கி உண்டுவிட்டுத்தான் சைபீரியாவுக்கோ அலாஸ்காவுக்கோ போகின்றன. அந்தக் கடலோரச் சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்குவரை, சுமார் ஐம்பதே ஆண்டுகளில் நிலமாக மாற்றப்பட்டும் வேறு காரணங்களாலும் காணாமல் போனது. அதன் பாதிப்பு சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இறங்கும் பறவைகளின் எண்ணிக்கையில் தெரிகிறது. 2019-இல் மஞ்சள் கடலோரச் சதுப்புகள் சில உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. தாமதமானாலும் தேவையான அடி அது.

சதுப்புநிலத்தில் நடைபாதை போடும் திட்டங்கள் இப்போது பல ஊர்களில் வருகின்றன. அவை வரவேற்க வேண்டியவை, ஏனென்றால் மக்கள் கண்ணால் காணாத இடத்தைக் காக்க யாரும் குரல் கொடுப்பதில்லை. ஆனால் கல் பதிக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலைகள் சுங்கை பூலோவில் தெளிவாகத் தெரிகின்றன. நீர் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்று ஓராண்டாவது குறித்து வைக்க வேண்டும். எந்த உயிர் எந்த ஆழத்தில் உண்கிறது, எங்கே ஒதுங்குகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். எத்தனை அடி தூரத்தில் அது தலை உயர்த்துகிறது என்று அளக்க வேண்டும். அதன் பிறகு, அந்தத் தூரத்துக்கு வெளியே பாதையின் கோட்டை வரைய வேண்டும். நெருங்கியே ஆக வேண்டிய இடத்தில் மறைவிடம் கட்ட வேண்டும். விளக்குக் கம்பமும் செல்ஃபி மேடையும் பட்டியலில் கடைசியாக வரட்டும், முடிந்தால் வராமலே போகட்டும். இந்த வரிசையில் வேலை நடந்த பூங்காவில் பறவையும் இருக்கும், பார்க்க வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை அடுத்த சதுப்புநிலத்துக்காக மனு எழுதுவார்கள்.